மடங்கிய கட்டைவிரல்கள்

முதலில் என் எழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எங்கே சின்ன ‘ர’ போடுவது, எங்கே பெரிய ‘ற’ போடுவது என்பது இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான். வரிகள் வேறு தாளின் வலது பக்கம் போகப் போகக் கீழே இறங்கிவிடுகின்றன. பக்கத்து வீட்டுத் தமிழ் வாத்தியார் பிழை திருத்தித் தருவதாகச் சொன்ன பிறகுதான் பேனாவைத் தொட்டேன். எழுத்தை மட்டும் திருத்துங்கள், விஷயத்தை மாற்றிவிடாதீர்கள் என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எழுதச் சொன்னவர்கள் எங்கள் தொழிற்பயிற்சிக் கூடத்தின் இளம் ஆசிரியர்கள். கண்ணில் இரும்புத் தூள் பட்டுப் பார்வை குறைந்ததால் ஐம்பது வயதுக்குள்ளேயே எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். வழியனுப்பு விழாவில் கேசரியும் காபியும் கொடுத்தார்கள். இனிமேல் டிப்ளமா படித்தவர்களைத்தான் இந்த வேலைக்கு எடுப்பார்களாம். ஏற்கெனவே அப்படி வந்து சேர்ந்த ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்: “மாஸ்டர், வேலை தெரிஞ்சவர் பாடம் நடத்தறது நல்லதா? பாடம் நடத்தத் தெரிஞ்சவர் வேலையைக் கத்துக்கறது நல்லதா?”

பதில் என்னிடம் இருந்தது. ஆனால் நாலு பேர் பார்க்கும்போது எனக்கு வாய் திறக்காது. கேசரியைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் ஃபிட்டர். சங்கிலியாண்டபுரத்தில் ஒரு பட்டறையில் சிறு வயதில் சேர்ந்து தொழில் கற்றேன். கற்றேன் என்றால், யாரும் சொல்லித் தரவில்லை. பெரிய மேஸ்திரி செய்வதைப் பார்க்க வேண்டும், அப்படியே செய்ய வேண்டும், தப்பாகச் செய்தால் முதுகில் ஒன்று விழும். ஏன் விழுந்தது என்று நாமே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். அப்படித்தான் அரம் பிடிக்கவும், உளி அடிக்கவும், துளை போடவும் வந்தது. ஐம்பதுகளின் தொடக்கத்தில், ஓடிக்கொண்டிருந்த ஒரு துளை போடும் இயந்திரத்தில் பெல்ட் கழன்றது. எல்லோரும் செய்வதுபோல் நானும் இயந்திரத்தை நிறுத்தாமல் பெல்ட்டைச் சக்கரத்தில் தள்ளினேன். இடது கட்டைவிரல் மேல் கணுவோடு போய்விட்டது. காயம் ஆறியதும் அதே பட்டறையில் அதே வேலைக்குத் திரும்பினேன். மீதி விரல்கள் அந்த விரலின் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டன. நாளடைவில் எனக்கு ஒரு விரல் குறைவு என்பதே நினைவில் இல்லை.

அறுபதுகளில் திருவெறும்பூர்ப் பக்கம் பெரிய தொழிற்சாலைகள் வர, தொழில் தெரிந்த ஆட்கள் நிறையத் தேவைப்பட்டார்கள். தஞ்சாவூர் ரோட்டில் ஒரு நீளக் கொட்டகையில் பயிற்சிக்கூடம் ஒன்று திறந்தார்கள். கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும் என்று பட்டறை பட்டறையாகத் தேடி வந்தவர் இப்ராகிம் சார். அவர்தான் அங்கே தலைவர்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் பாலக்கரைக்காரர். பல வருடம் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். இரும்பு வேலை ஒன்றுமே தெரியாது. அதை அவரே சொல்லிக்கொள்வார். காலையில் சைக்கிளில் வருவார். கால்சட்டையின் கிளிப்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பிறகு வகுப்பின் பின்சுவரில் சாய்ந்து நின்றுகொள்வார். உட்கார மாட்டார், குறுக்கே பேச மாட்டார். மற்ற அதிகாரிகள் என்றால் வந்ததும் செய்து முடித்த சாமானைத்தான் பார்ப்பார்கள். இவர் சாமானைத் தொடவே மாட்டார். பையன்கள் நிற்பதையும் அசைவதையும்தான் பார்ப்பார். வகுப்பு முடிந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பார். பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விடுவார். அந்தக் கேள்வி ராத்திரி சாப்பாட்டில் கல்லாக வந்து கடிக்கும்.

என்னைப் பட்டறையில் பார்த்தபோது ஒரு இரும்புக் கட்டையைக் கொடுத்து ராவச் சொன்னார். அரத்தால் தேய்த்துச் சமமாக்குவதற்கு ‘ராவுவது’ என்று பெயர். நான் ராவிக் கொடுத்ததை எங்கள் மேஸ்திரி மூலைமட்டம் வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். மட்டத்துக்கும் இரும்புக்கும் நடுவே வெளிச்சம் கசியவில்லை. “இவரே போதும்” என்றார் இப்ராகிம் சார். “ஆனா ஒரு நிபந்தனை. இதை மத்தவங்களுக்கும் வர வைக்கணும்.” அது தனியாக ஒரு வேலை என்பது அப்போது எனக்குத் தெரியாது. தலையாட்டிவிட்டேன்.

முதல் நாள் பதினாறு பையன்கள், இரும்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் பொருத்திய மேசைகளின் முன்னால் வரிசையாக நின்றார்கள். எல்லோரும் பதினெட்டு, பத்தொன்பது வயதுக்காரர்கள். “என்னைப் பார்த்துச் செய்யுங்க” என்று மட்டும் சொன்னேன். முதல் இரண்டு மாதம் நான் நடத்திய பாடம் மொத்தமும் அந்த ஒரு வாக்கியம்தான்.

அவர்களில் இரண்டு பேரை மட்டும் சொன்னால் போதும். ஒருவன் உறையூர் கோபால். வாயாடி. நான் ராவிக் காட்டும்போது ஜன்னல் வழியாக ரோட்டில் போகிற பஸ்ஸை எண்ணிக்கொண்டிருப்பான். மாமாவின் பூட்டுக் கடையில் அரம் பிடித்துப் பழகியவன். இன்னொருவன் உப்பிலியபுரத்துப் பெரியசாமி. மானாவாரி நிலத்துக்காரர் மகன். அவனைக் கொண்டுவந்து விட்ட அப்பா கொட்டகை வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு என்னைக் கும்பிட்டார். “படிப்பு ஏறலைங்க. காட்டுல மழையும் இல்லைங்க. இவன் இங்க நின்னுட்டா ஒரு குடும்பம் நின்னுருங்க” என்றார்.

பெரியசாமியைப் போலக் கவனமுள்ள ஒருவனை நான் பார்த்ததில்லை. நான் ராவும்போது கண்ணைக்கூட இமைக்க மாட்டான். நான் நின்ற மாதிரி நிற்பான். அரத்தை எடுக்கும் முன்னால் வைஸின் மேல் இரண்டு தட்டுத் தட்டுவது என் பழக்கம். அவனும் இரண்டு தட்டுத் தட்டுவான்.

ஆனால் அவன் ராவிய இரும்புக் கட்டைதான் வகுப்பிலேயே மோசம். ராவ ராவ நடுவில் வயிறு வைத்து இரண்டு ஓரமும் சரிந்துவிடும். மற்றவர்கள் கட்டையிலும் வயிறுதான், கொஞ்சம் சின்ன வயிறு. கோபாலின் கட்டை மட்டும் தட்டையாக இருந்தது. நான் பெரியசாமியின் கட்டையை வாங்கி, நானே சமமாக ராவி, “இப்படி” என்று திருப்பிக் கொடுப்பேன். அவன் இன்னும் உற்றுப் பார்ப்பான். அடுத்த கட்டை இன்னும் மோசமாக வரும்.

மூன்றாம் மாதக் கடைசியில் வெளியிலிருந்து ஒருவர் வந்து தேர்வு வைப்பார், ராவுதலில் தேறாதவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அதற்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு சாயங்காலம் இப்ராகிம் சார் தன் ஒரே கேள்வியைக் கேட்டார்.

“செல்லமுத்து, உங்களைப் பாக்காத பையனுக்கு நல்லா வருது. உங்களையே பாக்கற பையனுக்கு வர மாட்டேங்குது. ஏன்?”

அன்று அவர் போகவில்லை, சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். “நாளைக்கு நீங்க ராவிக் காட்டாதீங்க. நான் நிக்கற இடத்துல வந்து நில்லுங்க.”

மறுநாள் பின்சுவரில் அவர் பக்கத்தில் நின்றேன். பதினாறு முதுகுகள் தெரிந்தன. பதினைந்து இடது முழங்கைகள் கோழிச் சிறகு மாதிரி வெளியே தூக்கிக்கொண்டிருந்தன. இது என்ன கோலம் என்று பக்கவாட்டில் நடந்து போய்ப் பார்த்தேன்.

அரத்தின் முனையை இடது கையால் பிடிக்கும்போது கட்டைவிரல் அரத்தின் மேலே நீளமாகப் படுத்திருக்க வேண்டும். அதன் அடிச்சதைதான் அரத்தை அழுத்தும். மற்ற விரல்கள் கீழே தாங்கும். அப்படிப் பிடித்தால்தான் அரம் மேலே ஏறுகிறதா, கீழே இறங்குகிறதா என்று கைக்குத் தெரியும். இவர்கள் யாருக்கும் கட்டைவிரல் மேலே இல்லை. ஒவ்வொருவனும் அதை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற விரல்களால் மூடி, முஷ்டியால் அரத்தை அமுக்கிக்கொண்டிருந்தான். ஒரு வைஸிலிருந்து அடுத்த வைஸுக்கு நடந்தேன். அங்கேயும் கட்டைவிரல் இல்லை. அடுத்ததிலும் இல்லை. கோபாலுக்கு மட்டும் இருந்தது.

என் கையைப் பார்த்துக்கொண்டேன். வெந்நீர் அண்டாவில் கை வைத்த மாதிரி பின்னால் நகர்ந்துவிட்டேன். முழுக் கை உள்ள பிள்ளைகள் வரிசையாக என் ஊனத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“யார் கட்டைவிரலை மடக்கச் சொன்னது?” என்று கேட்டேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அரங்கள் நின்றன. பெரியசாமி தலையைக் குனிந்துகொண்டான்.

“நான் சொல்றேன் மாஸ்டர்” என்றான் கோபால். “கோச்சுக்கக் கூடாது. கட்டைவிரலை வெளிய வச்சு ராவுனதாலதான் உங்களுக்கு விரல் போச்சுன்னு இவனுங்க முதல் நாளே முடிவு பண்ணிட்டானுங்க. அதான் ஆளாளுக்கு உள்ள வச்சுப் பூட்டிக்கிட்டானுங்க.”

“நீ மட்டும்?”

“எங்க மாமாவுக்குப் பத்து விரலும் இருக்கு மாஸ்டர். அவரைப் பாத்துக் கத்துக்கிட்டேன்.”

இரண்டு பேர் சிரித்துவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டார்கள். நான் பெரியசாமியிடம் கேட்டேன்: “விரல் எப்படிப் போச்சுன்னு என்னை ஒரு வார்த்தை கேக்கறதுக்கென்னப்பா?”

அவன் நிமிர்ந்து பார்த்தான். “அதை எப்படிங்க கேக்கறது? உங்க மனசு நோகுமில்லீங்களா?”

அதற்குமேல் எனக்கு நிற்க முடியவில்லை. தண்ணீர்ப் பானைப் பக்கம் போய்விட்டேன்.

அன்று ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறியது நினைவிருக்கிறது. காவிரிப் பாலம் போனது, அம்மா மண்டபம் நிறுத்தம் போனது, நான் இறங்க வேண்டிய இடமும் போய்விட்டது. திரும்பி நடந்து வந்தேன். என் மனைவி வாசலிலேயே கேட்டாள்: “என்னங்க, பேயறைஞ்ச மாதிரி வர்றீங்க?”

நடந்ததைச் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: “அதுங்க எப்படிக் கேக்கும்? விரல் போயி மூணு வருஷம் கழிச்சு வாக்கப்பட்டு வந்தவ நான். கேக்கறதுக்கே எனக்கு இன்னொரு மூணு வருஷம் ஆச்சு. நீங்களா ஒரு நாளாவது வாயைத் திறந்தீங்களா?”

இது எனக்கு இரண்டாவது அடி. நான் பேசாமல் இருந்ததை அடக்கம் என்று நினைத்திருந்தேன். என் பேச்சு இல்லாத இடத்தில் அந்தப் பிள்ளைகள் தாங்களாக ஒரு பாடத்தை எழுதி வைத்துக்கொண்டார்கள். அதைத்தான் ரொம்ப ஒழுங்காகப் படித்தார்கள்.

மறுநாள் இப்ராகிம் சாரிடம் போய், என் இடத்தில் முழுக் கை உள்ள வேறு ஆளைப் போடுங்கள் என்றேன். “சரியான பிடியை நான் காட்டவே முடியாதுங்க சார். என்கிட்ட அந்த விரலே இல்லை.”

“காட்ட முடியாது, சரி. சொல்ல முடியுமா?”

“எனக்கு வாய் வராதுங்க.”

“விரலும் வராது, வாயும் வராதுன்னா எப்படி? ரெண்டுல ஒண்ணுதான் இனிமே வளரும்” என்றார். அவர் சிரிக்கவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டே எழுந்தார். “வாங்க. இன்னிக்கு நான் ஸ்டூடன்ட். எனக்கு அரமும் தெரியாது, இரும்பும் தெரியாது. நீங்க கையைப் பின்னாடி கட்டிக்குங்க. வாயாலயே எனக்கு ராவச் சொல்லித் தரணும்.”

பையன்கள் எல்லோரையும் ஒரு வைஸைச் சுற்றி நிறுத்தினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். பட்டறை வாழ்க்கையில் கையைக் கட்டிக்கொண்டு நான் வேலை சொன்ன முதல் வேளை அதுதான்.

“அரத்தை எடுங்க சார்.”

அவர் அரத்தை நடுவில் பிடித்து எடுத்தார். “மாஸ்டர், சார் புல்லாங்குழல் வாசிக்கப் போறாரு” என்றான் கோபால். கொட்டகையே சிரித்தது.

“பிடியைப் பிடிங்க.” அவர் இடது கையால் பிடித்தார். “வலது கையில சார்.” மாற்றினார். “முனையை இடது கையால பிடிங்க.” இரண்டு விரலால் பூப் பறிக்கிற மாதிரி பிடித்தார். “தள்ளுங்க.” தள்ளினார். அரம் வழுக்கி வைஸின் கன்னத்தில் மோதியது.

முதலில் என்னைக் கேலி செய்கிறார் என்றே நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. அவர் நடிக்கவில்லை, நான் சொன்னதைத்தான் செய்தார். நான் எந்தச் சொல்லை விட்டேனோ அந்த இடத்தில் அவர் கை தவறியது. அது மறுபடியும் ஒரு அதிர்ச்சி. இத்தனை வருடம் இந்தக் கை இவ்வளவு வேலை செய்ததா? இதில் ஒன்றைக்கூட நான் யாரிடமும் சொன்னதில்லையா?

கண்ணை மூடிக்கொண்டேன். இல்லாத விரலோடு ராவுவதாக மனதில் நினைத்துக்கொண்டு, கை செய்வதை ஒவ்வொன்றாகச் சொன்னேன். “கட்டைவிரலை அரத்துக்கு மேல படுக்க வையுங்க சார். அடிச்சதையால அமுக்குங்க. தள்ள ஆரம்பிக்கும்போது இடது கை கனமா இருக்கணும். நடுவுல வந்ததும் ரெண்டு கையும் சமம். முடியறப்ப வலது கை கனம். திரும்பி வரும்போது அமுக்கக் கூடாது, சும்மா வரணும்.”

இப்ராகிம் சார் நிறுத்தினார். “இது தராசுதானே? அரம் முன்னால போகப் போக ஒரு தட்டு நீளுது, ஒரு தட்டு குறையுது. அதனால கனத்தை மாத்தி மாத்தி வைக்கறோம். மாத்தலேன்னா?”

“ஆரம்பத்துல ஒரு ஓரம் தேயும் சார், முடிவுல இன்னொரு ஓரம் தேயும். நடுவுல வயிறு நிக்கும்.”

பையன்கள் பக்கத்திலிருந்து “அட” என்று ஒரு சத்தம். பெரியசாமி தன் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் இரும்பின் வயிறு ஏன் வந்தது என்று அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்குச் சமமாக ராவ வரும். அது ஏன் சமமாகிறது என்று சொல்லத் தராசு என்ற ஒரு சொல் தேவைப்பட்டது. அது கணக்கு வாத்தியாரிடம் இருந்தது.

பிறகு என் கையை முன்னால் கொண்டுவந்து எல்லோருக்கும் காட்டினேன். அவர்களை மூலையில் இருந்த துளை போடும் இயந்திரத்திடம் கூட்டிப்போய், பெல்ட், சக்கரம், என் விரல் மாட்டிய இடம் எல்லாவற்றையும் தொட்டுச் சொன்னேன். “அரம் விரலை எடுக்காது. இதுதான் எடுக்கும். இது ஓடறப்ப கிட்ட வராதீங்க.” சொல்லி முடித்தபோது சட்டை நனைந்துவிட்டது. கோபால்கூடச் சிரிக்கவில்லை.

மற்றவர்களின் கட்டைவிரல்கள் ஒரு வாரத்தில் வெளியே வந்துவிட்டன. பெரியசாமியின் விரல் வரவில்லை. நான் சொல்லும்போது வைப்பான். நான் பக்கத்தில் வந்தால் என் கையைப் பார்ப்பான், விரல் தானாக உள்ளே போய்விடும். “தெரியுதுங்க மாஸ்டர், ஆனா கை கேக்க மாட்டேங்குதுங்க” என்றான். அவன் கண்ணில் நீர் நின்றது.

தேர்வு நாள் வந்தது. வெளியிலிருந்து வந்தவர் கண்டிப்பான ஆள். ஆசிரியர்கள் பேசக் கூடாது, மேசைக்குப் பக்கத்தில் போகக் கூடாது, சுவரோரம் நிற்கலாம் என்றார். நான் சுவரோரம் நின்றேன். மணி அடித்ததும் பெரியசாமி வைஸின் மேல் இரண்டு தட்டுத் தட்டினான். தலையை நிமிர்த்தி என்னைத் தேடினான். என் கை தெரிந்தது. அவன் கட்டைவிரல் மெதுவாக உள்ளே போவதைப் பார்த்தேன்.

கூப்பிட்டுச் சொல்ல முடியாது. கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அப்போதும் என் தோளையே பார்த்தான். நான் அங்கே நிற்கும் வரைக்கும் அவன் என்னைப் பார்த்துத்தான் ராவுவான்.

நான் திரும்பி வெளியே நடந்தேன். ஒரு ஆசிரியர் தேர்வின் நடுவில் போகிறாரே என்று எல்லோரும் பார்த்திருப்பார்கள். சைக்கிள் நிறுத்தும் கூரைக்கடியில் போய், கொட்டகைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். உள்ளே பதினாறு அரங்களின் சத்தம். அதில் அவனுடையது எது என்று பிரித்துக் கேட்கப் பார்த்தேன். முடியவில்லை. ரோட்டில் பஸ்கள் போயின. கோபால் மாதிரி நானும் அவற்றை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இப்ராகிம் சார் வந்து பக்கத்தில் நின்றார். அன்று கேள்வி எதுவும் கேட்கவில்லை. “நீங்க எழுந்து போனதும் அவன் கொஞ்ச நேரம் பயந்துபோய் நின்னான். அப்புறம் உதட்டை அசைச்சுத் தனக்குத் தானே என்னவோ சொல்லிக்கிட்டு ஆரம்பிச்சான்” என்றார்.

மத்தியானம் கதவைத் திறந்தார்கள். பெரியசாமி ஓடிவந்தான். மூலைமட்டம் வைத்துப் பார்த்தபோது ஒரு மூலையில் மட்டும் மயிரிழை வெளிச்சம் தெரிந்ததாம். தேறிவிட்டான் என்று தேர்வு வைத்தவர் எழுதிக்கொண்டாராம்.

“நடுவுல சமம், முடியறப்ப வலது கைன்னு நீங்க சொன்னதையே சொல்லிக்கிட்டு ராவுனேனுங்க மாஸ்டர்” என்றான். பிறகு இடது கையை நீட்டினான். “இது எரியுதுங்க. என்ன போடறது?”

கட்டைவிரலின் அடிச்சதையில், அரத்தின் முனை பட்ட இடத்தில், ஒரு கொப்புளம் எழும்பியிருந்தது. அரம் பிடிக்கக் கற்கிற எல்லோருக்கும் முதல் வாரத்தில் வருவது. அவனுக்கு மூன்றாம் மாதம் வந்திருக்கிறது. அவன் கையை என் கையில் வாங்கிக்கொண்டேன். தேங்காய் எண்ணெய் தடவு என்று சொல்ல நினைத்தேன். அன்றைக்கு மட்டும் மறுபடியும் எனக்கு வாய் வரவில்லை.

ஸ்ரீரங்கம், 18-11-1969.